ஃப்ரேமில் தெரியாத பட்டன்

கேட்டில் நின்ற செக்யூரிட்டி அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹவுஸ்கீப்பிங் எல்லாம் பின்னாடி கேட்டும்மா" என்றார்.

"அவங்க என் அம்மா. நாங்க ரெண்டு பேரும் டைரக்டரைப் பாக்க வந்திருக்கோம்" என்றேன்.

என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சம்பளத்துக்கு நிற்கிறவர். உள்ளே இருப்பவர்கள் மேல்தான் கோபம். மண்ணூர்பேட்டைக்கு ஏசி கார் அனுப்பி வாசலில் இறக்கிவிடத் தெரிந்தவர்களுக்கு, கேட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். எஸ்டேட்டுக்குள், அதாவது தொழிற்பேட்டைக்குள், மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனியை வாடகைக்கு எடுத்து செட் போட்டிருந்தார்கள்.

அம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காலையிலிருந்தே முகம் முழுக்கச் சிரிப்பு. தீபாவளிக்கு எடுத்த சேலை. "இன்னாடி நாகு, இது மூடிக் கெடந்த கம்பெனி தானே? எம்மாம் லைட்டு போட்டுகீறானுங்க பாரு!" என்று வாயைப் பிளந்துகொண்டு வந்தார்.

என் பெயர் நாகவல்லி. பி.காம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். பகலில் ஒரு கூரியர் ஆபீசில் பில் போடுகிறேன், மீதி நேரத்தில் காமிக்ஸ் வரைகிறேன். நான் வரைந்த ‘மூவிரலி’யைத்தான் ஓடிடியில் சீரிஸாக எடுக்கிறார்கள்.

மூவிரலி, எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிற பெண். தகரத்தை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி, ஒரே அடியில் அதை மூடியாகவோ கிண்ணமாகவோ ஆக்கிவிடும். அதுதான் பிரஸ். அதில் அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு, இல்லாத அந்த ஆள்காட்டி விரலை அவள் எந்த மெஷினை நோக்கி நீட்டினாலும் அது நின்றுவிடும். பிரஸ்ஸோ புல்டோசரோ மந்திரியின் காரோ, எதுவானாலும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். விரல் போன கதை விளையாட்டு இல்லை. அது என் அம்மா மங்களத்தின் கதை.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், ஒரு கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் மெஷின் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி ஓட்டினால் வேலை மெதுவாக நகரும். அதனால் எங்கள் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. சூப்பர்வைசர் வந்து வலது பட்டனை அமுக்கிப் பிடித்து, அதன் மேல் கரண்ட் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டுப் போவார். அது அமுங்கியபடியே கிடக்கும். பிறகு இடது கை பட்டனைத் தட்டத் தட்ட, வலது கை தகரத்தை வைத்து எடுத்துக்கொண்டே இருக்கும். வேகமோ வேகம். இடது கை ஒரே ஒரு தடவை முந்திக்கொண்டால் போதும்.

நான் ஆறாவது படிக்கும்போது அம்மாவுக்கு முந்திக்கொண்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கம்பெனிக்காரன் பொய் சொல்வான், அது அவன் பிழைப்பு. எங்கள் தெருவே அதை நம்பியதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் அப்பாவே சாகிற வரைக்கும், "நீ எங்கியாச்சும் பராக்கு பாத்துகினு இருந்திருப்ப" என்றுதான் சொன்னார். அம்மா வாதாடிப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். என் புத்தகத்தின் முதல் பக்கம் முழுக்க ஒரே படம்தான்: டேப் சுற்றுகிற சூப்பர்வைசர். புத்தகம் வந்த அன்று அம்மா அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். இப்போது அதைத் தமிழ்நாடே பார்க்கப்போகிறது என்பதற்காகத்தான் தீபாவளிச் சேலை.

டைரக்டர் கிருபாகரன் எழுந்து வந்து கும்பிட்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அம்மாவின் கையைப் பார்த்ததும், "வாவ்! இதுதான் ஒரிஜினலா?" என்றார்.

ஒரிஜினலாம். ஜெராக்ஸ் கடையில் நிற்கிற மாதிரி கேட்டார்.

கூடவே அனுசுயா. ஓடிடி கம்பெனியின் ஆள். இந்த செட்டில் டைரக்டருக்கும் மேலே. அவர் பின்னால் மேக்கிங் வீடியோ எடுக்க ஒரு கேமராமேன். "நாகவல்லி, நீங்க இன்னிக்கு ஜாலியா சுத்திப் பாருங்க, கேமரா உங்க கூடவே வரும். கடைசியில கேமராவப் பாத்து ஒரு வரி, ஒரு பைட் மட்டும் குடுத்துடுங்க. ‘நான் கற்பனை பண்ணின மூவிரலி அப்படியே இங்க இருக்கா.’ அவ்ளோதான்" என்றார். இதற்குத்தான் ஏசி கார். போஸ்டர் வந்த அன்றே என் வாசகர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். நானே நல்லபடியாகச் சொல்லிவிட்டால் அவர்கள் வாய் அடங்கும் என்று கணக்கு.

சுவரில் ஹீரோயின் படம் ஒட்டியிருந்தது. கையில் பளபளவென்று உறை, உறையில் ஐந்து விரல்.

"அஞ்சு விரலும் இருக்கே?" என்றேன்.

"ரெண்டு ஸ்டீல் விரல் மேடம்," என்றார் கிருபாகரன். "அதுல இருந்து லேசர் வரும்."

"விரல் இல்லாததுதான் அவ சக்தியே."

"கரெக்ட். அந்த எமோஷன அப்படியே வெச்சிருக்கோம்."

அனுசுயா குறுக்கே வந்தார். "பொம்மையும் போடறோம் நாகவல்லி. விரல் இல்லாத பொம்மையக் குடுத்தா குழந்தைங்க பயந்துடும்."

அம்மா டீயை உறிஞ்சிக்கொண்டே, "என்னப் பாத்து எங்க தெருவுல ஒரு கொழந்தையும் பயந்ததில்லையேம்மா. கிள்ளிட்டுத்தான் ஓடுதுங்க" என்றார். அனுசுயா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். லேசரோ கத்தரிக்காயோ விட்டுத்தொலைக்கட்டும், முதல் பக்கம் இருந்தால் சரி என்றுதான் நினைத்தேன்.

"இன்னிக்கு என்ன சீன்?"

"ஆக்சிடென்ட் சீன்தான். அதனாலதான் உங்களை இன்னிக்கே வரச் சொன்னோம்." கிருபாகரன் உற்சாகமாக மெஷினிடம் கூட்டிப்போனார். பிரஸ் மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். "இங்க நின்னு வேலை பாத்துட்டே ரீல்ஸ் பாக்குறா. ஒரு நாய்க்குட்டி ரீல். சிரிக்கிறா. அந்தச் சிரிப்போட, டமால்! சிரிப்பு அப்படியே ஃப்ரீஸ் ஆகுது. செமயா இருக்கும்."

"சூப்பர்வைசர் எங்க?"

"அந்த கேரக்டரைத் தூக்கிட்டோம். டேப்பு, பட்டன் எல்லாம் ரொம்ப டெக்னிக்கல் மேடம், ஆடியன்ஸுக்குப் புரியாது. போன் பாக்குறது எல்லாருக்கும் தெரியும். தன் தப்பால விரல் போச்சு, அந்தக் குத்த உணர்ச்சியில ஊரைக் காப்பாத்துறா. ஹீரோன்னா ஒரு குறை வேணும்ல?"

"ரெண்டு விரல் இல்ல. அந்தக் குறை பத்தாதா உங்களுக்கு?"

அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "இன்னாடி சொல்றாரு?"

"நீ போன் பாத்துகினு இருந்ததாலதான் கை போச்சுன்னு சொல்றாரும்மா."

அம்மா டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். வீட்டில் அப்பா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் மூடிக்கொள்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

நான் கத்தினேன். இதைப் படிப்பவர்கள் நான் பக்குவமாகப் பேசியிருக்கலாம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரன் சொன்ன பொய்யை இத்தனை லைட் போட்டு எடுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அனுசுயா குரலை உயர்த்தவே இல்லை. கதையை மாற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். உண்மைதான், போட்டிருக்கிறேன். இப்படிச் செய்வார்கள் என்று எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்போ பைட் கிடையாது" என்றேன்.

"முதல்ல சீனைப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றார் அனுசுயா.

ஹீரோயின் கேரவனில் இருந்தார். அவர் முகத்தைத் தனியாக எடுப்பார்களாம். கை மட்டும் வேறொரு பெண்ணுடையது. பெயர் சிம்ரன், திருமுல்லைவாயில் பெண். வளையல், சோப்பு விளம்பரங்களுக்குக் கை கொடுப்பவள். அந்த அழகான கையில் யாரோ கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள். பிரஸ் நிஜமானது. பழைய கம்பெனி விட்டுப்போன மெஷினைச் சரிபண்ணி, கரண்ட் கொடுத்து ஓட வைத்திருந்தார்கள். கிராபிக்ஸில் அந்த கனம் வராது, தரை அதிர வேண்டும் என்று கிருபாகரனுக்கு ஆசை.

முதல் டேக். சிம்ரன் தகரத்தை வைத்தாள், கையை வெளியே எடுத்தாள், இரண்டு பட்டனையும் அமுக்கினாள். டமால். தரை அதிர்ந்தது.

"கட்! கை ஃப்ரேம விட்டு வெளிய போகுதும்மா. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா அசால்ட்டா தெரியாது. வலது கை உள்ளயே விளையாடணும், இடது கையால மட்டும் தட்டு."

அடுத்த டேக். வலது கையை உள்ளே வைத்துக்கொண்டு இடது பட்டனைத் தட்டினாள். மெஷின் அசையவில்லை.

"ஏன் இறங்கல?"

ஆர்ட் அசிஸ்டென்ட் டில்லிபாபு ஓடி வந்தார். பட்டாபிராம் ஆள். "ரெண்டும் அமுக்குனாதான் சார் இறங்கும். மெஷினு அப்டி."

"ஏதாவது பண்ணுப்பா. வெளிச்சம் போகுது."

"தோ சார், ஒரு நிமிசம்." டில்லிபாபு இடுப்புப் பையிலிருந்து கறுப்பு டேப்பை உருவினார். வலது பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சரக் சரக்கென்று சுற்றினார். பல்லால் கடித்து அறுத்தார். "அவ்ளோதான் சார். எங்க மாமா கம்பெனில இப்டிதான் ஓட்டுவாங்க. சும்மா பறக்கும்."

என் பக்கத்தில் அம்மா வலது கையால் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சூப்பர்! சிம்ரன், தாளம் மாதிரி போகணும். வை, எடு, தட்டு. வை, எடு, தட்டு. ரோலிங்!"

சுவரோரம் மெயின் சுவிட்ச் இருந்தது. நான் ஓடினேன்.

"அக்கா, அக்கா! அத தொடாதீங்க!" டில்லிபாபு கத்துவதற்குள் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டேன். லைட்டெல்லாம் ஜெனரேட்டரில் ஓடியதால் அப்படியே எரிந்தது. பிரஸ் மட்டும் முனகிக்கொண்டே அடங்கியது.

"யார் பவரை ஆஃப் பண்ணது?" கிருபாகரன் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"நான்தான். உங்க கதையில டேப்பே இல்லன்னீங்களே. இது என்ன?"

"மேடம், இது ஷாட்டுக்காக…"

"டேப் இல்லாம உங்களால அந்தப் பொய்யை எடுக்கக்கூட முடியல சார்! ரீல்ஸ் பாத்தாலும் சரி, நின்னுகினே தூங்குனாலும் சரி, ரெண்டு பட்டனும் ஒழுங்கா இருந்தா கை போவாது. மெஷினே இறங்காது. இப்ப நீங்களே பாத்தீங்க. கை போவணும்னா எவனாச்சும் வந்து சுத்தியிருக்கணும். உங்க ஆளு சுத்துன மாதிரி, எவனோ ஒருத்தன் வெளிச்சம் போகுதுன்னு கத்துனதுக்காக."

அவர் பட்டனைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"ஆனா மேடம்… ஃப்ரேம்ல பட்டன் தெரியாது."

"அன்னிக்கும் அதையேதான் சார் பண்ணாங்க. விசாரணைக்கு ஆபீசர் வரும்போது டேப் தெரியல."

சிம்ரன் இன்னும் மெஷின் முன்னாலேயே நின்றிருந்தாள். "அண்ணா, இந்த டேப்பு சுத்துனா இன்னா ஆவும்?" என்று டில்லிபாபுவைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா. நீ டக்குனு கைய எடுத்துட்டன்னா."

"எடுக்கலன்னா?"

டில்லிபாபு பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த அம்மாவின் கை அவர் கண்ணில் பட்டது. சிம்ரனும் அதைப் பார்த்தாள். கிரீஸ் ஒட்டுகிறதே என்றுகூடப் பார்க்காமல் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நான் வெக்க மாட்டேன் சார். வேற எவ கையாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

அதற்குள் அனுசுயா வேறு வழி பிடித்திருந்தார். நான் மசிய மாட்டேன் என்று தெரிந்ததும் அம்மாவிடம் போனார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அம்மா, பொண்ணு கோவத்துல இருக்கு. நீங்க சொல்லுங்க. உங்க கதையை இவ்வளவு பெரிசா எடுக்கறாங்க, எவ்வளவு பெருமை. அதை மட்டும் சொன்னா போதும்." மேக்கிங் கேமரா அம்மாவின் முகத்துக்கு நேரே வந்தது.

நான் தடுக்கப் போனேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, இது ஓடுதா? செவப்பு லைட்டு எரியுது, ஓடுதுன்னுதானே?"

"ஓடுதும்மா."

"எம் பேரு மங்களம். ஊடு மண்ணூர்பேட்டை. நான் போன் பாக்கல. அப்ப எங்கிட்ட போனே கெடையாது. ஊட்டுக்காரரு சொன்னா மாதிரி பராக்கும் பாக்கல. சூப்பர்வைசரு டேப்பு சுத்துனான், நான் வேல செஞ்சேன், கை பூட்சு. அவன் பேரச் சொல்லட்டா?"

"வேணாம்மா, வேணாம்! கட் பண்ணுங்க!" என்றார் அனுசுயா.

கேமராமேன் உடனே கேமராவை இறக்கவில்லை. அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான் அனுசுயாவிடம் போனேன். "இந்தக் கேமரா காலையிலேர்ந்து எங்க பின்னாடியே சுத்துது. டேப் சுத்துனது இதுல இருக்கு. கரண்ட் ஓடும்போதே அந்தப் பொண்ணு கையை உள்ள வெக்கச் சொன்னது இருக்கு. நீங்க அழிச்சாலும் பரவால்ல. நான் ரோட்டுக்குப் போய் என் போன்ல நடந்ததைச் சொன்னா போதும். என் வாசகருங்க மீதியைப் பாத்துப்பாங்க."

முதன்முறையாக அனுசுயாவின் சிரிப்பு நின்றது. கிருபாகரனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். தலையை ஆட்டினார்கள், கையை ஆட்டினார்கள். திரும்பி வந்து, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் கிருபாகரன்.

நியாயம் புரிந்து கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். என் அம்மா உயிரோடு எதிரில் உட்கார்ந்து சொன்னபோது அசையாதவர்கள், வீடியோ வெளியே போகும் என்றதும் அசைந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"போன் போகணும். சூப்பர்வைசர் வேணும், டேப் சுத்தணும், முகம் தெரியணும். இன்னிக்கே, எங்க முன்னாடியே எடுக்கணும். மெயின் ஆஃப்லயேதான் இருக்கணும்."

"அதுக்கு ஆர்ட்டிஸ்ட் இல்ல மேடம்."

"இதோ இருக்காரே." டில்லிபாபுவைக் காட்டினேன்.

"நானா? அக்கா, நான் ஆர்ட் டிபார்ட்மென்ட்டு!"

"நல்லாத்தானே சுத்துனீங்க."

காஸ்ட்யூமிலிருந்து ஒரு நீலச் சட்டை வந்தது. பாக்கெட்டில் இரண்டு பேனா செருகினார்கள். அம்மா என்னிடம் மெல்ல, "படத்துல இது வருமாடி?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. எடிட்ல தூக்கினாலும் தூக்குவாங்க."

"தூக்கிட்டா?"

"என் பேரையும் தூக்கச் சொல்லுவேன். ஏன் தூக்குனேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்." கிருபாகரனுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய டேப்பைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். "ஆக்‌ஷன்!" டில்லிபாபு வந்தார், பட்டனை அமுக்கிப் பிடித்தார், சுற்றினார். முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"கட்! ஓகே" என்றார் கிருபாகரன், விட்டால் போதும் என்று.

"இரு நைனா." அம்மா எழுந்து டில்லிபாபுவிடம் போனார். "அவன் இப்டி மூஞ்ச தூக்கி வெச்சிகினு சுத்தல. சிரிச்சிகினே சுத்துனான். ‘இன்னா மங்களம், இனிமே ரெக்க கட்டிப் பறப்ப பாரு’ன்னான். நீ சிரி."

டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டார். "ஆயிடுச்சேம்மா, டைரக்டரே ஓகே சொல்லிட்டாரே."

"சிரி நைனா."

மறுபடியும் ரோலிங். டேப்பைச் சுற்றிக்கொண்டே உதட்டை இழுத்துப் பார்த்தார். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"வரல சார்" என்றார், கேமராவைப் பார்த்து.

கிருபாகரன் என்னைப் பார்த்தார்.

"வர்ற வரைக்கும் எடுங்க" என்றேன்.